ஈரம் எங்கே என்று தெரிந்தவர்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பஸ்கள் முக்கி முனகித் திரும்பும் ஒரு வளைவுக்கு மேலே கபிரியேலின் வீடு இருந்தது. இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு. அதைவிடப் பெரியது அதற்கு முன்னால் வண்டி திருத்துவதற்காக அவர் போட்டிருந்த தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் வெலிமடைப் பக்கத்து மரக்கறி லொறிக்காரர்களும், பதுளைக் கடைக்காரர்களும், தோட்டத்து ஆட்டோக்காரர்களும் "கபிரியேல் பாஸ் வீடு எது?" என்று விசாரித்துக்கொண்டு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். கைத்தொழில் தெரிந்தவரை அந்தப் பக்கத்தில் பாஸ் என்பார்கள்.

தோட்டத்து ஸ்டோரில், தேயிலை அரைக்கும் இயந்திரங்களோடு பதினாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அவர். இப்போது வயது ஐம்பத்தேழு. ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே பொனட்டைத் திறக்கமாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலில் கேள்வி கேட்பார். வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? வெயிலிலா, மழையிலா? யார் ஓட்டுவது? கோளாறு காலையில் வருமா, பின்னேரம் வருமா? வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். பாதிக் கோளாறை அவர் அந்த ஸ்டூலில் இருந்தபடியே பிடித்துவிடுவார் என்பது பிறகுதான் தெரியும்.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் பதுளையிலிருந்து கதிர்காமநாதன் முதலாளியின் ஜீப் வந்தது. பதுளை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். ஜீப் பதினேழு வருஷப் பழசு. ஆனால் புதிதாக வந்த காலத்தில் கொழும்பில் அமைச்சர்களும் பெரிய டாக்டர்களும் ஏறித் திரிந்த ஐரோப்பிய வண்டி. தோல் இருக்கை, கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, சாதாரண வண்டிகளுக்கு இருக்கும் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். சாவியைத் திருகினால் வண்டி ஒட்டகம் மாதிரி மெல்ல எழுந்து நிற்கும். எழுந்து நின்ற காலம் போய், இப்போது முன்பக்கம் குப்புறச் சாய்ந்து, சக்கரத்தின் மேல் தகடு உட்கார்ந்துவிட்டது. விளக்குகள் தாமாகவே எரிந்தன, தாமாகவே அணைந்தன. சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது.

"புது வண்டி வாங்கலாம்னா நாலு வருஷமா கவர்மெண்டு இறக்குமதியும் விடல பாஸ். இத நம்பித்தான் இருக்கேன்" என்றார் முதலாளி.

"அவசரப்படாதீங்க மொதலாளி. பாப்போம்" என்றார் கபிரியேல்.

முன்பக்கம் தாழ்ந்து தரையில் தட்டியதால் ஜீப் கொட்டகைக்குள் ஏறவில்லை. முற்றத்திலேயே நின்றது. பத்து நாள் கபிரியேல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்றுக் குழாய்களில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. காற்றடிக்கும் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டிப் பார்த்தார், நன்றாக ஓடியது. ஒரு விஷயம்தான் மனதைக் குடைந்தது: மழை பெய்த மறுநாள் கோளாறு கூடியது, இரண்டு நாள் வெயில் அடித்தால் குறைந்தது.

வியாழக்கிழமை பின்னேரம், முன்சீட்டின் இடதுபக்கம், கால் வைக்கும் இடத்தில் முழங்காலிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். மேலே தடித்த இரப்பர் விரிப்பு. அதற்குக் கீழே காபெட். இரண்டுமே உலர்ந்திருந்தன. காபெட்டின் ஓரத்தை நெம்பி, அடியில் இருந்த பஞ்சுக்குள் விரலை நுழைத்தார். குளிர்ந்த தண்ணீர் விரலிடுக்கில் பிதுங்கியது. அந்தப் பஞ்சுக்குள்தான் வண்டியின் பாதி வயர்கள் வந்து சேரும் கறுப்புப் பெட்டி புதைந்திருந்தது. பெட்டியின் செருகிகளில் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு ஏறியிருந்தது.

வெளியே வந்து, கூரைக் கண்ணாடியைத் திறந்து, அதன் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். இடது மூலையில், பட்டாணி அளவில் ஓர் ஓட்டை. மழைத் தண்ணீர் இறங்கி வெளியே போவதற்கு வைத்த குழாய்வாய் அது. அதற்குள் கறுத்து இறுகிப்போன குப்பை. நகத்தால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். மாம்பூக் காம்புகள். முதலாளியின் வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், முன்கண்ணாடியோரத் தூணுக்குள் வழிந்து, காபெட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் காற்றும் பழுதில்லை, பெட்டரியும் பழுதில்லை. ஒரு கம்பியை விட்டுக் குழாயைக் குத்தி எடுத்து, பெட்டியைக் காயவைத்துத் துடைத்தால் ஒரு நாள் வேலை.

சாப்பிடும்போது மனைவி ஜெபமலர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னாங்க, சிரிக்கிறீங்க?"

"கண்டுபுடிச்சிட்டேன்."

"அந்தச் சனியனையா? என்னாவாம்?"

"நாளைக்கு மொதலாளிக்கு போன் பண்றப்போ நீயும் கேட்டுக்க. சிரிப்பே. நாளைக்கு முடிச்சிரலாம்."

மறுநாள் விடியற்காலை ஜெபமலர் தோட்டத்தில் கொழுந்து பறிக்க, காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போவதற்காகத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பைப்படியில் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது கபிரியேல் ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை அவருடைய உடம்புக்கே சொந்தமில்லாத மாதிரி வயிற்றுக்குக் கீழே மடிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைக் கோணினார்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார்கள். மூளையில் பேச்சு இருக்கும் பக்கத்தில் இரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். கால் கொஞ்சம் திரும்பும், கை சொல்ல முடியாது, பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

பேச்சு வந்தது. ஒரே ஒரு சொல்.

கபிரியேலுக்கு உள்ளே ஒன்றும் குறையவில்லை. தண்ணீர் வேண்டும் என்று நினைத்தால் தண்ணீர் என்ற சொல் மனதில் பளிச்சென்று நின்றது. அதைத்தான் சொன்னார். ஆனால் காதில் விழுந்தது வேறு.

"நாளைக்கு."

தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப முடியாமல் மறுபடி சொன்னார். "நாளைக்கு. நாளைக்கு, நாளைக்கு." தலையணை உயரமாக இருந்தாலும் நாளைக்கு. முதுகு அரித்தாலும் நாளைக்கு. தலையாட்டிச் சொல்லலாம் என்றால், ஆமாம் என்று நினைத்தபோது தலை இல்லையென்று ஆடியது. இடது கையில் பேனாவைக் கொடுத்தார்கள். தன் பெயரின் முதல் எழுத்தை எழுதப் பார்த்தார். புழு நெளிந்த மாதிரி ஒரு கோடு வந்தது. அந்தப் புழுவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனாவைப் படுக்கையில் போட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெபமலர் செபமாலை சொல்லத் தொடங்கினாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. கபிரியேல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிசகவில்லை. அருள் நிறைந்த மரியே முதல் ஆமென் வரை, முப்பது வருஷமாகச் சொன்ன அதே இழுப்போடு, தெளிவாக. ஜெபமலர் மாலையைக் கீழே போட்டுவிட்டு அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஐயோ என்னாங்க, பேச்சு வந்துருச்சு! மாதாவே! என்னா வேணும், சொல்லுங்க. எதுனாலும் சொல்லுங்க."

கபிரியேலும் அப்படித்தான் நம்பினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற அந்த ஒன்றைச் சொல்லப் போனார். ஜீப்புக்குள் தண்ணீர் இறங்குது, மொதலாளிக்குச் சொல்லு என்று.

"நாளைக்கு" என்றார்.

ஜெபமலர் அவருடைய முகத்தை விடவில்லை. ஆனால் அவளுடைய கைகள் தளர்ந்ததை அவர் உணர்ந்தார். செபத்தை அவர் நினைத்துச் சொல்லவில்லை, அது தானாக வந்தது. நினைத்துச் சொன்னது மட்டும்தான் அவருக்கு வரவில்லை.

அடுத்த வாரம் கதிர்காமநாதன் முதலாளி பார்க்க வந்தார். பிஸ்கட், பால்மா, ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து, கபிரியேலின் உணர்ச்சியில்லாத கையைத் தடவிக்கொடுத்தார். நல்ல மனிதர். வண்டிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருப்பார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அது முன்னங்காலை மடித்து உட்கார்ந்திருந்தது.

"வண்டி கெடக்கட்டும் பாஸ். நீங்க மொதல்ல எழும்புங்க" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "வண்டி இல்லாம எனக்குத்தான் கை ஒடிஞ்ச மாதிரி..." என்றவர், தான் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கபிரியேல் இடது கையால் ஜன்னலைக் காட்டினார். "நாளைக்கு! நாளைக்கு!"

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? இந்த நெலமையிலயும் வேலைய மறக்கல மனுசன். நாளைக்குச் செஞ்சு தர்றேங்கிறாரு. சரி பாஸ், அவசரமே இல்ல. நீங்க சொன்னாச் சொன்னதுதான்."

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார் கபிரியேல். அது ஆமாம் என்று ஆடியது. ஜெபமலர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றுக்கும் இவர் இதைத்தான் சொல்கிறார் என்று முதலாளியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் புருஷனுக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அந்த மரியாதையில் இன்னும் இரண்டு வாரம் போயிற்று. மழை விடவில்லை. கபிரியேல் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்து ஜீப்பின் கூரையில் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளியும் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். சட்டத்தில் விழுந்து, மூலைக்கு ஓடி, ஓட்டையில் முட்டி, தூணுக்குள் இறங்கி, பஞ்சில் ஊறி, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள். அடை மழை கொட்டும்போது அவருக்கே மூச்சு முட்டியது. ஒரு தரப்பாளை எடுத்து மேலே போட்டால்கூடப் போதும். தரப்பாள் கொட்டகையில், எட்டுக் காலடி தூரத்தில் இருந்தது.

கடைசியில் முதலாளி ஜீவராஜை அனுப்பினார். பண்டாரவளையில் வாகன மின்வேலை செய்கிறவன். முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டிக்காரன், கபிரியேல்மேல் மதிப்பு வைத்திருந்தவன். ஜீப் நகரமாட்டேன் என்று நின்றதால் அவனே கருவிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டான்.

"அண்ணே, உங்க வேலையில கை வைக்கிறேன்னு நெனைக்காதீங்க. மொதலாளி சொல்லித்தான் வந்தேன்."

கபிரியேலுக்கு அவனைக் கண்டதும் உயிர் வந்தது. தொழில் தெரிந்தவன், கண்ணைக் காட்டினாலே பிடித்துக்கொள்வான் என்று நினைத்தார். ஜெபமலர் தோளைக் கொடுக்க, காலை இழுத்து இழுத்து முற்றத்துக்கு வந்தார். கூரையைக் காட்டினார். ஜீவராஜ் உள்ளே எட்டி, கூரையில் இருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தான்.

"இந்த லைட்டா அண்ணே? இது எரியுதே."

அவன் கொண்டுவந்திருந்த ஸ்கேனரை வண்டியில் செருகியபோது கோளாறுகள் வரிசை வரிசையாகத் திரையில் விழுந்தன. முப்பத்திரண்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பார்த்தான். இந்த முறை இருபத்தேழு, அதில் பாதி புதியவை. தலையைச் சொறிந்தான். "இது என்னாண்ணே, ஒரு நேரம் சொன்னத மறு நேரம் சொல்ல மாட்டேங்குது."

முதலில் பெட்டரியை மாற்றினான். பிறகு பியூஸ்களை மாற்றினான். வண்டிக்குள் ஒரு புளித்த வாடை இருந்தது அவனுக்கும் தெரிந்தது. பூட்டிக் கிடந்த வண்டி என்று சொல்லி, வாசனைத் திரவியம் அடித்துவிட்டான். கபிரியேல் அந்த மல்லிகை வாசனையை வாசலில் இருந்து முகர்ந்தார். நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் குத்தினார்.

அன்று ஜெபமலர் பால் விடாத பிளேன்டி எடுக்கப் போன நேரத்தில் அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜீப் வரைக்கும் போய்விட்டார். ஜீவராஜ் ஓடிவந்து தாங்கினான். "வண்டிக்குள்ள இருக்கணுமா அண்ணே? ஆசையா இருக்கா? வாங்க, வாங்க." கபிரியேல் இடதுபக்கம் போக இழுத்தார். அவனோ மரியாதைக்குக் குறைவு வரக்கூடாது என்று வலதுபக்கக் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தான். கதவைச் சாத்தினான்.

பிளேன்டியோடு வந்த ஜெபமலர் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கத்தான் ஆசைப்பட்டார் என்று அவளும் நினைத்தாள். அவளுடைய கண் நிறைந்தது.

கபிரியேல் இடதுபக்கத்துத் தரையைப் பார்த்தார். ஒரு கை எட்டும் தூரம். இடது கையை நீட்டிச் சாய்ந்தார். விரல் காபெட்டின் ஓரத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம். செத்த வலதுபக்கம் அவரைத் தாங்கவில்லை. நடுவில் இருந்த கியர்ப் பெட்டிமேல் மார்பு மோத, தலைகுப்புற விழுந்து சிக்கிக்கொண்டார். முகத்துக்கு இரண்டு சாண் கீழே அந்த ஈரம். அவருக்கு அது மணத்தது. எட்டவில்லை.

"ஐயோ, விழுந்துட்டாரு!" என்று இரண்டுபேருமாக வெளியே இழுத்தார்கள். ஜெபமலர் அவருடைய நெற்றியைத் துடைத்தாள். "இனி வண்டிப் பக்கமே விடாதீங்க அக்கா" என்றான் ஜீவராஜ்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மழை ஓய்ந்திருந்தது. ஜீவராஜ் கொழும்பிலிருந்து வரவழைத்த காற்று மோட்டாரைப் பூட்டிக்கொண்டிருந்தான். முதலாளியும் பார்க்க வந்திருந்தார். பொனட் திறந்திருந்தது. பியூஸ் பெட்டியின் மூடியும் கழன்று கிடந்தது. பழைய மோட்டாரில் பழுதொன்றும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சொல்ல முடியாது. எழுத முடியாது. குனிய முடியாது. சரி, செய்து காட்டலாம் என்று முடிவு செய்தார் கபிரியேல். கூரையில் தண்ணீரை ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் கீழே கசியும். யாராவது ஒருவர் பார்க்காமலா போவார்கள்?

வாசலில் இருந்த பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தார். நிறையத் தண்ணீர் இருந்தது. கால் இழுபட, பாதித் தண்ணீர் சட்டையில் சிந்த, வண்டியின் இடதுபக்கம் போனார். யாரும் கவனிக்கவில்லை. ஜக்கைத் தூக்கிக் கூரை மூலையில் ஊற்றினார். கை தடுமாறியது. தண்ணீர் முன்கண்ணாடியில் அடித்து, திறந்திருந்த பொனட்டுக்குள் வழிந்தது.

"ஏய், ஏய்! என்னா செய்றாரு! பியூஸ் பெட்டி தொறந்திருக்கு!" என்று ஜீவராஜ் பாய்ந்து துணியைப் போட்டான்.

"பாஸ்! வண்டிய ஒரேயடியா முடிச்சிடப் பாக்குறீங்களா?" என்றார் முதலாளி. கோபப்பட்டுப் பழகாத குரல், உடைந்து வந்தது.

"நாளைக்கு!" என்று கத்தினார் கபிரியேல். வெறும் ஜக்கால் கூரையைத் தட்டினார். "நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு!"

ஜெபமலர் ஓடிவந்து ஜக்கைப் பிடுங்கி எறிந்தாள். "போதும்! உள்ள வாங்க! பைத்தியமா ஒங்களுக்கு? நாலு பேருக்கு முன்னால என்னய ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கபிரியேல் அவளைப் பார்த்தார். பிறகு நனைந்த சட்டையோடு, அவள் இழுத்த பக்கம் நடந்தார். உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. மாலையில் செபமாலைக்கும் வாய் திறக்கவில்லை. அவள் தலைமாட்டில் வந்து இருந்துகொண்டு, "ஏதோ கோபத்துல சொல்லிட்டேங்க" என்று எத்தனையோ தடவை சொன்னாள். அவருக்கு அவள்மேல் கோபமே இல்லை. அதைச் சொல்லவும் சொல் இல்லை.

புது மோட்டார் இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் மழைக்குப் பிறகு ஜீப் மறுபடி முன்னங்காலை மடித்தது. ஜீவராஜ் கையை விரித்துவிட்டான். "கொழும்புக்கே ஏத்திருங்க மொதலாளி. எனக்குப் புரிபடல."

மார்கழி தொடக்கத்தில் வாகனங்களை ஏற்றிப்போகும் லொறி ஒன்று வந்து வளைவில் நின்றது. முதலாளியும் கூடவே வந்தார். மற்றவருடைய வண்டியைக் குப்பையோடு திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஜெபமலர் உள்ளே கிடந்த ஆணிகளையும் அழுக்குத் துணிகளையும் பொறுக்கத் தொடங்கினாள். கபிரியேலை வாசலில் உட்காரவைத்திருந்தாள். கதவு திறந்திருந்ததால் அவளுடைய முதுகு அவருக்குத் தெரிந்தது.

இடதுபக்கச் சீட்டுக்கு அடியில் அவருடைய டோர்ச் உருண்டு கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் சமாளிக்கக் கையை ஊன்றினாள். காபெட்டின் நெம்பிய ஓரம் விலகி, கை பஞ்சுக்குள் புதைந்தது. அவளுடைய முதுகு அப்படியே நின்றது.

கையை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டுவரை தண்ணீர் சொட்டியது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்னாங்க... தண்ணியா?"

கபிரியேலின் வாயிலிருந்து சொல்லே வரவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. இடது கையை நீட்டினார். அவள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"மேலருந்து எறங்குதா? அதுக்குத்தான் தண்ணி ஊத்துனீங்களா? அந்தக் கூரைக் கண்ணாடியிலருந்தா?"

தலையை நம்பவில்லை அவர். கையை இறுக்கினார். அவள் விரல் நோகும்வரை இறுக்கினார்.

ஜெபமலர் லொறி நின்ற இடத்துக்கு ஓடினாள். "மொதலாளி, மொதலாளி! வண்டிக்குள்ள தண்ணி. காபெட்டுக்கு அடியில. அவரு அதத்தான் சொல்லப் பாத்திருக்காரு. மேலருந்து எறங்குதாம்."

கதிர்காமநாதன் வந்து குனிந்து, பஞ்சை அழுத்திப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"ரெண்டு மாசமா மழையில நிக்குது. கதவத் தொறந்து போட்டு வேலை செஞ்சிருக்கீங்க. கூரையில வேற தண்ணி ஊத்துனாரு. உள்ள தண்ணி இல்லாம என்னாம்மா இருக்கும்?"

"இல்லீங்க மொதலாளி, அதுக்கு முந்தியே..."

"ஒங்கள நான் ஒண்ணுஞ் சொல்லலம்மா. அவரு நெலம அப்படி. என்னா செய்ய?" லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். "சரி, கொழும்புக்காரங்ககிட்டச் சொல்றேன்."

கம்பிக் கயிறு இழுக்க, ஜீப் லொறியின் முதுகில் ஏறியது. ஏறும்போது முன்பக்கம் உயர்ந்தது. உள்ளே தேங்கி நின்ற தண்ணீர் கதவிடுக்கால் ஒரு கோடாக வழிந்து ரோட்டில் விழுந்தது. அதைக் கபிரியேலும் ஜெபமலரும் பார்த்தார்கள். மற்றவர்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஜெபமலர் அவரிடம் கேட்கும் விதம் மாறியது. எதுவானாலும் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆமாம் என்றால் இறுக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். அப்படித்தான் ஓட்டையையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடைப்பா? இறுக்கம். இலையா? இறுக்கம் வரவில்லை. மண்ணா? இல்லை. பூவா? இறுக்கினார். என்ன பூ என்று கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. தெரிந்த பூவையெல்லாம் சொல்லி, கடைசியில் மாம்பூவுக்கு வந்தபோது அவர் கையை விடவே இல்லை. எப்படி எடுப்பது என்றதற்குக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பிரேக் கம்பியைக் காட்டினார்.

முதலாளிக்குப் போன் பண்ணினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கொழும்பில் ஏதோ பெட்டியை மாற்றிவிட்டார்களாம், வண்டி இப்போது நன்றாக எழுந்து நிற்கிறதாம். ஆனாலும் மனசு விட்டுப்போயிற்று, இறக்குமதி திறக்கப்போகிறார்கள், விலை விழுமுன்னே கொடுத்துவிட்டேன் என்றார். வாங்கியவர் மழை குறைந்த ஆனமடுவப் பக்கத்துச் சிங்கள ஆள்.

ஜெபமலர் அதை அவரிடம் சொன்னாள். கபிரியேல் ஜன்னலுக்கு வெளியே, ஜீப் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு போனைக் காட்டினார்.

"யாருக்கு? மொதலாளிக்கா?" கை அசையவில்லை. "வாங்குனவருக்கா?" இறுக்கினார்.

தயங்கித் தயங்கி முதலாளியிடம் நம்பரை வாங்கி, தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை அழைத்தாள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கூரையில் ஓட்டை, பூ அடைத்திருக்கிறது, கம்பி போட்டுக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் என்று சொன்னாள். அந்தப் பக்கத்து மனிதர் முதலில் பயந்துவிட்டார். நீங்கள் யார் என்று இரண்டு தடவை கேட்டார். வண்டி பார்த்த பாஸின் பெண்சாதி என்றாள். வண்டி நன்றாக இருக்கிறது அக்கா, உள்ளே எல்லாம் உலர்ந்துதான் இருக்கிறது, வாங்கியதிலிருந்து இங்கே மழையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கபிரியேல் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டு இன்னும் மழையே இல்லையாங்க" என்றாள் ஜெபமலர்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவளுடைய கையை இழுத்தார். வேறு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பசியா? கால் வலியா? வெளியே போகணுமா? கொழும்பில் இருக்கும் மகள் நிலக்ஷனாவோடு பேசணுமா? மறுபடியும் வண்டி விஷயமா? ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுக்கும் கை இறுகவில்லை. மலைமேலிருந்து பத்து மணிச் சங்கு ஊதியது. கொழுந்துக்குப் போக வேண்டியவள், போகாமல் அவருடைய கையைப் பிடித்தபடி, இன்னும் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.